இடித்தபிறகு ஏன் அழுகை?

கோவையில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. வெரைட்டி ஹால் எங்கே? ரயில்வே ஊழியராக இருந்து, ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய தியேட்டர் அது. பிற்பாடு 'டிலைட்' ஆனது. இப்போது ரோட்டுக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

மதுரை தங்கம் தியேட்டர் கதை இன்னும் கொடுமை. 2,563 இருக்கைகள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த அரங்கம். அதற்கு வசனம் எழுதியவர் 1969-ல் முதல்வரே ஆனார். அரங்கமோ ஜவுளிக்கடை ஆனது. கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கிற ஊர்தான் இதையும் வேடிக்கை பார்த்தது!

"அத்தனை சீட்டை இன்றைக்கு யார் நிரப்புவது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். நஷ்டத்தில் ஓட்டும் உரிமையாளரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் முகப்பைத் தொடாமல், உள்ளே சிறு திரைகளாகப் பிரிக்கலாமே? சொத்துவரியைக் கொஞ்சம் குறைத்தால் மாநகராட்சி மூழ்கிவிடுமா? ஜெய்ப்பூரில் 1976-ல் திறந்த ராஜ் மந்திருக்கு, இந்தி புரியாத வெளிநாட்டவர்கூட டிக்கெட் வாங்கிப் போகிறார்கள். (படத்துக்காகவா போகிறார்கள்?)

தமிழ்நாட்டில் மரபுச்சின்ன ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறிவிட்டது. கோயில், கோட்டை, வெள்ளைக்காரன் பங்களா எல்லாம் மரபு. மூன்று தலைமுறை விசிலடித்த இடம் மட்டும் வெறும் மனையா? இன்னும் நிற்கிற பழைய தியேட்டர்களையாவது முதலில் பட்டியல் எடுக்கட்டும், புல்டோசர் வருவதற்குள்.