தையல் மூலை: துணியில்லாமல் ஒரு றேந்தைச் சட்டை

சென்ற இதழில் சாரிச்சட்டைக்குக் கை வெட்டும் முறையைப் பார்த்தோம். இம்முறை ஒரு வாசகியின் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். அவருடைய மகளின் சாமத்தியவீட்டுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதாம். பிள்ளை ஆசைப்பட்ட றேந்தை மேற்சட்டைக்குக் கடையில் கேட்ட விலை, அவர்களின் மாத வாடகையில் பாதி. தெரிந்தவர் கொடுத்த பழைய எம்பிராய்டரி மெசின் ஒன்று வீட்டில் இருக்கிறது. "இதில் அப்படி ஒன்று செய்யலாமா? சரிவந்தால் மற்றவர்களுக்கும் தைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். முதற் கேள்விக்குப் பதில், ஆம். இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊரில் காலி, வெலிகமப் பக்கம் பெண்கள் மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் பீரலு றேந்தை வேறு, இது வேறு. இது கரைத்து எடுக்கும் றேந்தை. 1880களில் சுவிசின் சென்ட் காலன் பகுதியிலும் ஜேர்மனியின் பிளவுவன் பகுதியிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். பட்டுத் துணியில் பருத்தி நூலால் மெசினில் பூவேலை செய்து, பிறகு பட்டைக் காரத்தில் கரைத்துவிட்டார்கள். நூல் மட்டும் மிஞ்சியது. 2009இல் கணவரின் பதவியேற்புக்கு மிஷேல் ஒபாமா அணிந்த மஞ்சள் உடையின் றேந்தை சென்ட் காலனில் செய்யப்பட்டதுதான். இன்று நமக்குக் காரம் வேண்டியதில்லை. தண்ணீரிலேயே கரையும் துணி தையற் கடைகளில் கிடைக்கிறது.

அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொலித்தீன் போல வழவழப்பானது. மற்றது கொலருக்குள் வைக்கும் மெல்லிய கன்வஸ் போல நாராக இருக்கும். நார் வகையையே வாங்குங்கள், ஊசி குத்திக் குத்தி எளிதில் கிழியாது. இரண்டு மடிப்பாகப் போட்டுப் பறைத்தோல் போல இறுக்கமாக வளையத்தில் பூட்ட வேண்டும். ஈரக் கையால் தொடக் கூடாது. மிச்சத்தைப் பையில் இறுகக் கட்டி வையுங்கள்.

பலருடைய உழைப்பு வீணாவது டிசைனில்தான். சாதாரணப் பூ டிசைனை இதில் தைத்தால் மெசினில் பார்க்க அழகாகவே இருக்கும். கழுவியதும் பூ ஒரு பக்கம், இலை ஒரு பக்கமாக நூல் சிக்கலாகிவிடும். தாங்குவதற்கு அங்கே துணி இல்லையல்லவா? தனியே நிற்கும் றேந்தைக்கென்று வரைந்த டிசைனில் அடியில் வலை போல ஒரு தையல் முதலில் ஓடும். ஒவ்வோர் இலையும் பக்கத்து இலையைத் தொட்டுப் பிடித்திருக்கும். வாங்குமுன் இதைப் பாருங்கள்.

மேலே போடும் அதே நூலையே பொபினிலும் சுற்றுங்கள், ஏனென்றால் றேந்தைக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் இல்லை. 75/11 ஊசி புதிதாக மாட்டி, வேகத்தைக் குறையுங்கள். நிமிடத்துக்கு 600 தையல் போதும்.

உடம்பை ஒட்டிய சாரிச்சட்டையை முழுக்க றேந்தையில் செய்வதை நான் விரும்பவில்லை. கையைத் தூக்கும்போது கக்கத்தில் இழுபட்டு அறும். முன்பக்கம் திறந்த, பொத்தான் இல்லாத குட்டி மேற்சட்டை செய்து, உள்ளே பருத்திச் சட்டை போடட்டும். முதலில் ஒரே ஒரு துண்டு தைத்து, கழுவி, காயவைத்து அளந்து பாருங்கள். 18 சென்ரிமீற்றர் துண்டு 17.5 ஆகச் சுருங்கினால், மூன்று துண்டு சேருமிடத்தில் ஒன்றரை சென்ரிமீற்றர் போய்விடும். அதைச் சேர்த்தே கடதாசியில் சட்டையின் அளவை வெட்டி, துண்டுகளை அதன்மேல் பரப்புங்கள். கழுவுவதற்கு முன்பே கரைகளை அருகருகே வைத்து, அதே நூலால் சிக்சாக் தையல் போட்டு இணைப்பது சுலபம். அப்போது துண்டுகள் விறைப்பாக இருக்கும்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிடுங்கள். முதல் தண்ணீர் கஞ்சி போலக் கொழகொழக்கும். அலங்காரத் தோரணம் என்றால் அந்தக் கஞ்சி கொஞ்சம் இருந்தால் நல்லது, விறைத்து நிற்கும். பிள்ளை போடும் சட்டைக்கு ஆகாது, கழுத்தை உரசும். வழவழப்புப் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, துவாயின் மேல் விரித்து, துருப்பிடிக்காத ஊசிகளால் குத்திக் காயவிடுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. ஒரு துண்டு 24,000 தையல் என்றால் 40 நிமிடம். 16 துண்டுக்கு 10 மணி 40 நிமிடம். நூல் அறுந்து திரும்பக் கோர்ப்பது, இணைப்பது, கழுவுவது எல்லாம் அதற்கு மேல். மாடி வீட்டில் இருப்பவர்கள் இரவில் மெசின் ஓட்டவும் முடியாது. "நம்ம ஆக்கள்தானே" என்று நூற்காசுக்குச் செய்து கொடுக்கத் தொடங்கினால் பிறகு விலையை உயர்த்த வாய் வராது. மணிக்கணக்கை எழுதிவைத்து விலை சொல்லுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். டிசைனை விற்றவர், அதில் செய்ததை விற்க அனுமதிக்கிறாரா என்றும் வாசித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. அகதி வழக்கு முடியாதவர்களும் உதவிப்பணம் பெறுபவர்களும் முதல் ஓடரை ஏற்குமுன் உங்கள் சட்டத்தரணியிடமோ சமூகசேவை அலுவலரிடமோ கேளுங்கள். வீட்டிலிருந்து தைப்பதும் பல நாடுகளில் வேலைதான், அந்த வருமானத்தைச் சொல்லாமல் விட்டால் பின்னால் தொல்லை. மகளுக்குத் தைப்பதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. மூன்று மாதம் தாராளம், இந்தக் கிழமையே ஒரு துண்டைத் தைத்துக் கழுவிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அடுத்த இதழில்: இதே கரையும் துணியில் தாவணி ஓரத்துக்கு றேந்தை.