காலால் அளந்த மண்

கட்டப்போகும் ஒரு விளையாட்டரங்கத்தைப் பற்றி இந்த வாரம் நாளிதழில் அரைப்பக்கச் செய்தி. காலரியில் எத்தனை இருக்கை, பிரமுகர்களுக்கு எத்தனை ஏசி அறை, எத்தனை கார் நிறுத்தலாம், எல்லாம் இருந்தது. ஓடுதளம் உண்டா என்று கடைசி வரிவரை தேடினேன். ஒரு சொல் இல்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஓட இடமில்லாத கட்டடத்தை ஸ்டேடியம் என்று அழைக்க என்ன நியாயம் இருக்கிறது?

அந்தப் பெயரே ஓட்டத்தில் பிறந்தது. பழைய கிரேக்கத்தில் ஸ்டேடியான் என்பது நீட்டலளவை; 600 அடி. அத்தனை அடி தூரத்தை ஒரே வீச்சில் ஓடும் பந்தயத்துக்கும் அதே பெயர் வந்தது. பந்தயம் நடந்த திடலுக்கும் அதுவே நிலைத்தது. கி.மு. 776-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஒலிம்பிக்கில் முதல் 13 முறை இந்த ஒரு போட்டிதான். வெற்றிப் பட்டியலின் முதல் பெயர் எலிஸ் நாட்டுக் கொரோய்போஸ். அவர் சமையற்காரர் என்கிறது மரபு.

அந்தப் பந்தயம் நடந்த ஒலிம்பியாவின் ஓடுதளம் சுமார் 192 மீட்டர். டெல்பியில் 177 மீட்டர் சொச்சம். இரண்டுமே 600 அடிதான், ஊருக்கு ஊர் அடி வேறு. ஒலிம்பியாவைப் புராண வீரன் ஹெராக்ளிஸ் தன் பாதத்தாலேயே அளந்தான் என்பது கதை. மற்ற ஊர்த் தளங்களோடு இதை ஒப்பிட்டு ஹெராக்ளிஸின் உயரத்தையே பித்தாகரஸ் கணக்குப் போட்டாராம்.

விளையாட்டரங்கத்துக்கு நாம் வழங்கும் இன்னொரு பெயரான அரீனாவின் பிறப்பு வேறு. லத்தீனில் அது மணல். ரோமானியர் ஆம்பிதியேட்டரின் நடுவே, சிந்தும் இரத்தத்தை உறிஞ்சுவதற்காகப் பரப்பிய மணல். உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கென்றே எழுப்பிய கட்டடம் அது.

பௌசானியஸ் மீது எனக்குள்ள பற்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிவந்து பத்துப் பாகங்களாக எழுதிவைத்த பயணி. எலிஸ் நாட்டுக்கும் ஒலிம்பியாவுக்கும் மட்டும் இரண்டு பாகங்களைக் கொடுத்தார். அந்தப் புகழ்பெற்ற ஸ்டேடியத்தை அவர் என்னவென்று விவரிக்கிறார் தெரியுமா? மண்மேடு. அதில் நடுவர்களுக்கு இருக்கை; எதிரே வெள்ளைக்கல் பலிபீடம், அங்கே டெமிடர் தெய்வத்தின் பெண் பூசாரி. மணமான பெண்களில் ஒலிம்பிக் பந்தயத்தைப் பார்க்க உரிமை பெற்றவர் அவர் ஒருவரே. மற்றப் பார்வையாளர்களுக்குப் புல்மேடுதான். பல்லாயிரம் பேர் கூடிய இடம் அது.

அவர் புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் புரட்டும் பக்கம் இன்னொன்று. ஹீரா தெய்வத்துக்கான திருவிழாவில் மணமாகாத பெண்கள் அதே ஒலிம்பியா மண்ணில் ஓடினார்கள். கூந்தல் விரிந்து கிடக்கும்; முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் உடை; வலத்தோள் திறந்திருக்கும். தூரத்தில் மட்டும் ஆறில் ஒரு பங்கு குறைப்பு. வென்றவளுக்கு ஒலிவக் கிரீடமும் ஹீராவுக்குப் பலியிட்ட பசுவின் இறைச்சியில் ஒரு பங்கும். தன் உருவத்தைத் தீட்டிக் காணிக்கையாக வைக்கவும் அவளுக்கு உரிமை இருந்தது. ஓடிய பெண்களைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்ததற்காகவே அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஏதென்ஸில் ஹெரோடிஸ் அட்டிகஸ் என்ற பெரும் செல்வந்தர் ஸ்டேடியத்தைச் சலவைக்கல்லால் இழைத்தார். பென்டெலி மலைக் கல்சுரங்கத்தின் பெரும்பகுதி அதற்கே செலவானது என்று பௌசானியஸ் வியக்கிறார். 1896-இல் நவீன ஒலிம்பிக் தொடங்கியதும் அங்கேதான். அழகான இடம், மறுக்கவில்லை. ஆனாலும் என் மனம் ஒலிம்பியாவின் மண்மேட்டுப் பக்கம்தான். 2004 ஒலிம்பிக்கின் குண்டு எறிதல் போட்டியை அங்கே நடத்தினார்கள். காலரி கட்டவில்லை, மக்கள் பழையபடி புல்லில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் போட்டியில் பெண்களும் எறிந்தார்கள்.

ஓட்டக்காரர்கள் கால்விரலை ஊன்றி நின்ற கல்வரிசை, அதன் இரண்டு பள்ளக் கோடுகளோடு, இன்றும் அந்தத் தளத்தில் கிடக்கிறது. வருகிற பயணிகள் அதில் கால் வைத்து மறுகோடிவரை ஓடிப் பார்க்கிறார்கள். கிரேக்கம் போக வாய்த்தால் நீங்களும் ஓடுங்கள்.