ஆயக்கட்டை வாங்கினோம், மராமத்தை விட்டுவிட்டோம்

2024 அக்டோபர் 25 பிற்பகலில் மதுரையில் கால் மணி நேரத்துக்குள் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அன்றைய மொத்த மழை 9.8 சென்டிமீட்டர். பந்தல்குடி கால்வாய் பொங்கி, செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தூர்வாராத மாநகராட்சியைத் திட்டினோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் யார் வீட்டிலிருந்து கிளம்பியது என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

1200 சதுர அடி மொட்டைமாடியில் 4.5 சென்டிமீட்டர் மழை என்றால் 5000 லிட்டர். பதினைந்து நிமிடத்தில் ஒரே ஒரு வீடு தெருவுக்குத் தள்ளிய தண்ணீர் இது. அன்று முழுக்கக் கணக்குப் போட்டால் 11,000 லிட்டரைத் தொடும். சித்திரை வெயிலில் அவ்வளவு தண்ணீருக்குத்தான் காசு கொடுத்து லாரியை வரச் சொல்கிறோம்.

சாத்தையாற்று வழியில் ஒன்றுக்கொன்று மறுகால் பாய்ந்த கண்மாய்களின் கடைக்கோடியில் இருப்பது செல்லூர் கண்மாய். அதன் உபரிநீர் பந்தல்குடி கால்வாய் வழியாக வைகையில் சேரும். மேலே இருந்த வயலும் புஞ்சையும் மழையில் ஒரு பங்கைத் தாமே குடித்துக்கொண்டு மிச்சத்தை நிதானமாக அனுப்பின. அந்த வயல்களைத்தான் நாம் பிளாட்டாக வாங்கினோம். வாங்கியதும் மூன்றடிக்குச் சரள்மண் அடித்து மேடாக்கினோம், பக்கத்து மனை பள்ளமானது. காம்பவுண்ட் சுவருக்குள் ஒரு சாண் மண் தெரியாமல் பேவர் பிளாக் பதித்தோம். கார் ஏறுவதற்காக வடிகால் மேல் கான்கிரீட் சாய்தளம் போட்டோம். தூர்வார வருகிற தொழிலாளியின் மண்வெட்டி அதற்குக் கீழே நுழையாது. கவுன்சிலர் வந்து உடைக்கச் சொன்னால் சண்டைக்கு நின்றோம்.

அந்த நிலத்தை வைத்திருந்தவர்களுக்கு ஒரு கடமை இருந்தது. கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலத்தில் பங்கு இருந்தால் வரத்துக் கால்வாய் வெட்டவும் கரையைக் கட்டவும் ஆள் அனுப்ப வேண்டும். குடிமராமத்து என்ற அந்த வழக்கத்துக்கு வெள்ளைக்காரன் 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டான். கட்டாய உழைப்பு யார் முதுகில் விழுந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அந்தச் சட்டம் திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால் பட்டா கைமாறியபோது பொறுப்பும் கைமாறியிருக்க வேண்டும். கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதினோம், தண்ணீர் போகும் வழியை எழுதவில்லை.

2003இல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நாமும் செய்தோம். இன்று எந்தத் தெருவிலாவது ஒரு பழைய வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் போய்ப் பார்க்கலாம். மாடியிலிருந்து இறங்கும் பிவிசி குழாய் முழங்கால் உயரத்தில் வெட்டுப்பட்டு, ஒரு எல்போ மாட்டித் தெருப் பக்கம் திருப்பப்பட்டிருக்கும். அந்தத் தண்ணீரை வாங்க வேண்டிய உறிஞ்சு குழியின் மூடி மேல் துவைக்கிற கல் இருக்கும், இல்லையென்றால் இன்வெர்ட்டரின் பழைய பேட்டரி. மூடியைத் தூக்கினால் ஜல்லி தெரியாது, மேலே சேறு ஏடு கட்டியிருக்கும். ஜல்லியையும் மணலையும் சில வருடத்துக்கு ஒருமுறை அள்ளிக் கழுவிப் போட்டால்தான் குழி தண்ணீர் குடிக்கும். பிளான் அப்ரூவலுக்காகத் தோண்டிய குழியைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. வாடகைக்கு விட்டவர்கள் குடியிருப்பவர் பார்க்கட்டும் என்றோம். குடியிருப்பவர்கள் நம் வீடா என்றோம்.

அடுக்குமாடியில் இருக்கிற நாம் இன்னும் மோசம். மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம். லிஃப்ட், மோட்டார், வாட்ச்மேன், ஜெனரேட்டர் டீசல் என்று கணக்கு வரும். உறிஞ்சு குழிக்கு ஒரு ரூபாய் இருக்காது. பில்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன நாளோடு அந்தக் குழிக்கு உடையவர் இல்லாமல் போனார்.

இதைச் சொன்னால், அரசாங்கமே கண்மாயில் கட்டவில்லையா என்போம். உண்மைதான். உயர் நீதிமன்றக் கிளை உலகனேரி கண்மாயில் நிற்கிறது, மாநகராட்சி அலுவலகம் தல்லாகுளம் கண்மாயில் நிற்கிறது. அந்தத் தவறுக்குப் பதில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் வீட்டுக் குழாயைத் தெருவுக்குத் திருப்பியதற்கு அது பதிலாகாது.

ஜெர்மனியின் பல நகரங்களில் மனையில் எத்தனை சதுர மீட்டரைக் கான்கிரீட்டால் மூடியிருக்கிறோமோ அதற்குத் தகுந்த மழைநீர்க் கட்டணம் உண்டு. மண்ணைத் திறந்து விட்டால் கட்டணம் குறையும். மதுரையில் அப்படி வந்தால் நாம்தான் முதலில் எதிர்ப்போம் என்று பயமாக இருக்கிறது. சொத்துவரி ரசீதில் இன்னொரு வரி கூடினால் தெருவே திரளும். செல்லூரில் தண்ணீர் ஏறிய அன்று மேட்டுத் தெருக்களிலிருந்து யாரும் திரளவில்லை.

புரட்டாசி பிறப்பதற்குள் செய்ய முடிகிற வேலை இது: எல்போவைக் கழற்றிக் குழாயைக் குழிக்கே திருப்புவது, ஜல்லியை அள்ளிக் கழுவுவது, வடிகால் மேல் போட்ட சாய்தளத்தில் தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு பலகைத் துண்டாவது விடுவது. கொத்தனாரும் ஒரு சித்தாளும் வந்தால் ஒரு நாள் வேலை. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் இதற்கான செலவை யார் தருவது, வருடாவருடம் யார் பார்ப்பது என்று பெயரோடு மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குகிறவரிடம் மோட்டார் சுவிட்சைக் காட்டுகிறோமே, அப்போது குழியையும் மூடி திறந்து காட்ட வேண்டும்.