முதிய நாயும் உண்ணியும்

நாய் முதுமையுற்றபின் சோர்ந்து கிடப்பதும், உணவை வெறுப்பதும், ஈறு வெளிறுவதும் இயல்பே எனக் கருதி வாளாவிருப்போர் பலர். சோர்வை ஒருவாறு முதுமையின்மேல் ஏற்றலாம். ஈற்று வெளிறலை ஏற்றலாகாது. அது குருதிச் சோகையின் அறிகுறி. நம் நாட்டில் அத்தகைய நாயைக் கண்டவுடன் உண்ணிக் காய்ச்சலை ஐயுற்றுக் குருதிச் சோதனை செய்வித்தலே முறை.

இக்காய்ச்சல்களுள் ஒன்று சென்னையோடு தொடர்புடையது. 1910-ஆம் ஆண்டில் பேட்டன் என்பார் சென்னை வேட்டைக் கழகத்து நாய்களின் குருதியிலும், பின்னர் நரியின் குருதியிலும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு விவரித்தார். இன்று பபீசியா கிப்சோனி எனப்படுவது அதுவே. சிவப்பணுக்களுள் புகுந்து அவற்றை அழிக்கும் இவ்வுயிர், மருத்துவத்திற்குப் பின்னும் உடலில் மறைந்திருந்து, எதிர்ப்பாற்றல் தளருங்கால் மீண்டும் தலையெடுக்கக் கூடும்.

பெங்களூர் விவேக் நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் உண்ணிக்கு ஓய்வுக்காலம் இல்லை. குளிர்காலத்தில் தடுப்பு வேண்டாவென்பது பனி உறையும் நாடுகளின் நூல்களிலிருந்து நாம் அப்படியே பெயர்த்துக்கொண்ட கருத்து. பெங்களூரின் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. மேலும், பழுப்பு நாயுண்ணி தன் வாழ்நாளில் மும்முறை நாயின்மேல் ஏறி, மும்முறை இறங்குகிறது. தோலுரிப்பதும், ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதும் சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலுமே. தெள்ளுப்பூச்சியின் முட்டைகளும் படுக்கையில் உதிர்கின்றன. நாய்க்கு மருந்திட்டுச் சுவரை மறப்போர் பாதி வேலையே செய்தவராவர். மூட்டு இறுகிய கிழநாய் தன்னைச் சொறிந்துகொள்ள மாட்டாது. ஒரே மூலையில் படுத்திருக்கும். அம்மூலையும் அக்கந்தையும் பூச்சிகளுக்கு நாற்றங்கால் ஆகின்றன. கந்தையை வாரந்தோறும் வெந்நீரில் தோய்ப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

முதிய நாய்க்கு மருந்தே ஆகாதென்பாரும் உளர். அவர்தம் அச்சம் முற்றும் பொய்யன்று. ஐசாக்சசோலின் வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் நேரலாமென அமெரிக்க உணவு மருந்து ஆணையகம் 2018-இல் எச்சரித்தது. அமிட்ராஸ் குருதிச் சர்க்கரையை உயர்த்துவதால் நீரிழிவுள்ள நாய்க்கு ஒவ்வாது. எனினும் இவை மருந்தைத் தேர்ந்து கொடுப்பதற்குரிய காரணங்களேயன்றி, கைவிடுவதற்குரியவை அல்ல. வலிப்பு, சிறுநீரகக் கோளாறு முதலியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். முதுமையில் உடல் மெலிவதால், சென்ற ஆண்டின் எடைக்கு வாங்கிய மருந்தை இவ்வாண்டும் கொடுத்தல் தவறு. இன்றும் ஆங்காங்கே காணும் மண்ணெண்ணெய்ப் பூச்சோ தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கினால் நஞ்சுமாகும்.

காதின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் நாள்தோறும் தடவிப் பார்த்தல் வேண்டும். கண்ட உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பற்றி, திருகாமல் நேரே இழுக்க வேண்டும். மாணவர் அதனை விரலால் நசுக்காதபடி ஆசிரியர் தடுத்தல் இன்றியமையாதது. எரிசாராயப் புட்டியில் இட்டு வைத்தால், மருத்துவர் இனங்காணவும், உண்ணி பூச்சியினம் அன்றென்பதை எட்டுக் கால்களை எண்ணி வகுப்பில் விளக்கவும் உதவும்.