குடிபோகுமுன் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோவது நம் மக்களுக்குப் புதிய சங்கதியல்ல. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஒரு கூட்டம் வெளியேறியது. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது இன்னொரு கூட்டம் வெளியேறியது. நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனபோது மற்றொரு கூட்டம் மூட்டை கட்டியது. இன்றும் ஓய்வு பெற்ற குடும்பம், வேலை முடிந்த குடும்பம் என்று லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

எங்கே போவது என்று வரும்போது நம்மவர் கண்ணில் தூரத்து ஊர் படுவதில்லை. பக்கத்துப் பட்டணங்கள் இரண்டோ மூன்றோதான் முன்னே நிற்கும். இதுவா, அதுவா? வீட்டில் நான்கு நாள் பேச்சு நடக்கும். வாடகை எவ்வளவு? மாமன் மச்சான் யார் இருக்கிறார்கள்? கோயில் பக்கமா? தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் எவ்வளவு நேரம்? இவ்வளவும் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால், மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையை மட்டும் யாரும் கேட்பதில்லை. "அவனுக்கென்ன, எங்கே விட்டாலும் படிப்பான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இந்த ஒரு வார்த்தையில்தான் பல பிள்ளைகளின் படிப்பும் முடிந்துபோகிறது என்பதை நாம் சொல்லியே ஆகவேண்டும்.

பதினைந்து வயது வேறு

மூன்றாம் ஆண்டில் படிக்கும் சின்னப் பிள்ளையை எந்தத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தாலும் ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். இடைநிலைப்பள்ளிப் பிள்ளையின் கதை அப்படியல்ல. நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பாடமும் கிடையாது. கணக்கும் அறிவியலும் எடுத்த பிள்ளை புதுப் பள்ளிக்குப் போனால், "இங்கே அந்த வகுப்பு இல்லை, இருக்கிறதை எடு" என்று சொல்லப்படலாம். டாக்டராகவோ பொறியியலாளராகவோ வர நினைத்த பிள்ளையின் பாதை அந்த ஒரு நாளிலேயே திரும்பிவிடும்.

எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமானால் தேசிய மொழியில் தேற வேண்டும். 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறியாக வேண்டும். இரண்டு வருடப் பாடத்தைக் கேட்கும் சோதனை இது. நடுவே பள்ளி மாறி, ஆசிரியர் மாறி, கூட்டாளிகளும் மாறினால் பிள்ளை தடுமாறாமல் இருக்குமா? ஆகவே நாம் உறுதியாகச் சொல்கிறோம்: ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளையை, தலைபோகிற காரியம் இல்லையென்றால், பெயர்க்காதீர்கள். சோதனை முடிகிற வரையில் பாட்டி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ விட்டுவைத்தாவது பழைய பள்ளியிலேயே முடிக்க விடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டின் முடிவே நல்ல சமயம். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், வருடக் கடைசி விடுமுறையில் வீடு மாறுவதே பொருத்தம்.

இரண்டு பட்டணம், ஓர் உதாரணம்

தெற்குப் பேராக்கை எடுத்துக்கொள்வோம். பெஹ்ராங், துரோலாக் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறுகிற குடும்பத்துக்குத் தஞ்சோங் மாலிமும் சிலிம் ரிவரும்தான் பக்கத்துப் பட்டணங்கள். 2016 முதல் இரண்டும் ஒரே முவாலிம் மாவட்டம். இரண்டு வட்டாரத்திலும் தமிழ்ப்பள்ளி உண்டு, கோயில் உண்டு, நம் சனம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் எதற்குப் போனாலும் ஒன்றுதான் என்று தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

தஞ்சோங் மாலிமிலிருந்து கோலாலம்பூர்ப் பக்கம் கொமுட்டர் ரயில் ஓடுகிறது. 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கும் நிறுவனம் அந்த ஊரில்தான் இருக்கிறது. தமிழாசிரியராக வர விரும்பும் பிள்ளைகள் அங்கே தமிழில் பட்டம் பெறலாம். 2003-இல் திறக்கப்பட்ட புரோட்டோன் கார்த் தொழிற்சாலையும் அங்கேதான். பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு வீடு தேடும் ஊர் என்பதால் நம்மவர் கைக்கு எட்டுகிற வீடு கிடைப்பது அங்கே சிரமம்.

சிலிம் ரிவர் சிறிய ஊர், ஆரவாரம் குறைவு. ஆனால் அரசாங்க மருத்துவமனை சிலிம் ரிவரில் இருக்கிறது. சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம் என்று மாதந்தோறும் மருந்துக்கு அலையும் தாத்தா பாட்டி இருக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. கைத்தொழில் கற்க விரும்பும் பிள்ளைக்கு அங்கே தொழிற்கல்லூரி உண்டு. மூன்றாம் படிவம் முடித்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த எல்லாருக்கும் இடம் கிடைக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே பெஹ்ராங்கில் பாலிடெக்னிக் ஒன்றும் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், எது நல்ல ஊர்? வெறுமனே கேட்டால் பதில் கிடையாது. பிள்ளை எந்தப் பக்கம் போக நினைக்கிறது என்று கேட்ட பிறகுதான் பதில் வரும். ஆசிரியராக வேண்டும், ஆறாம் படிவம் படிக்க வேண்டும் என்கிற மகளுக்கு ஓர் ஊர். இஞ்சின் பிரித்துப் பூட்டுவதில் ஆசை வைத்திருக்கிற மகனுக்கு வேறோர் ஊர். பெரிய பட்டணம் என்றால் உயர்த்தி, சின்னப் பட்டணம் என்றால் மட்டம் என்ற நினைப்பு வேண்டாம்.

"வேலையை யார் பார்ப்பது?"

"படிப்பு படிப்புங்கிறீங்க, வேலையை யாருங்க பார்க்கிறது? பெரட்டுக்கு விடியக்காலையிலே நிக்கணுமே" என்று குலை வெட்டும் அண்ணன்மார் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. குடும்பத்தைத் தாங்குகிற கையை நாம் மறக்கவில்லை. வீட்டை விட்டாலும் பழைய தோட்டத்திலேயே குத்தகைக்குக் குலை வெட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தோட்டத்தை ஒட்டிய ஊர் வசதிதான். இருட்டில் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் உள்ள ஆபத்தும் நமக்குத் தெரியும்.

ஆனாலும் கணக்கை முழுசாகப் போடுங்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஓர் ஊரில் வாடகை 400 வெள்ளி, மற்றதில் 550 வெள்ளி. 150 வெள்ளி மிச்சம் என்று மலிவான ஊருக்குப் போகிறீர்கள். பிள்ளைக்குத் தேவையான வகுப்போ அடுத்த ஊர்ப் பள்ளியில்தான் இருக்கிறது. பள்ளி வேனுக்கு மாதம் 120 வெள்ளி, சாயங்காலப் பாடம் இருக்கிற நாளில் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் இன்னொரு 50 வெள்ளி. மிச்சம் எங்கே போயிற்று? அதோடு பிள்ளை விடியுமுன் எழுந்து இருட்டின பிறகு வீடு வந்து, புத்தகத்தின் மேலேயே தூங்கிவிழும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் இருபது முப்பது வெள்ளி கூடப் பெரிய காசுதான். அதனால்தான் வாடகையை மட்டும் பார்க்காமல் எல்லாச் செலவையும் கூட்டிப் பாருங்கள் என்கிறோம்.

நம் கருத்து இதுதான். அப்பனும் பிள்ளையும் ஒரே சமயத்தில் சௌகரியப்பட முடியாது என்று வந்தால், அடுத்த மூன்று வருடத்துக்குப் பிள்ளையின் பக்கம் சாயுங்கள். மூன்று வருடம் கழித்து நீங்கள் மறுபடி வீடு மாறலாம். பிள்ளைக்கு மறுபடி பதினைந்து வயது வராது. சேமநிதிப் பணத்தை எடுத்து உடனே வீடு வாங்கவும் அவசரப்படாதீர்கள். ஒரு வருடம் வாடகைக்கு இருந்து ஊரைப் பார்த்த பிறகு வாங்கினால் யாருக்கும் நட்டமில்லை.

போய்ப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாமன் வீட்டு விருந்துக்குப் போய் ஊரை எடைபோடாதீர்கள். வேலை நாளில் ஒரு நாள் விடுப்பு எடுத்து, தாயும் தகப்பனும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரண்டு ஊருக்கும் போங்கள். காலை ஆறரை மணிக்குப் பஸ் நிற்குமிடத்தில் நின்று பாருங்கள். பஸ் வருகிறதா? எத்தனை மணிக்குக் கடைசி பஸ்? இருட்டின பிறகு வீட்டுக்கு நடந்து வரும் பாதையில் விளக்கு இருக்கிறதா? பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கீழே உள்ள கடைமுனையில் சாயங்காலம் யார் கூடுகிறார்கள் என்று ஆண் பிள்ளை வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டும். தோட்டத்தில் எந்தப் பையன் எங்கே நின்றாலும் "இவன் இன்னார் மகன்" என்று நாலு பேர் கண் வைத்திருந்தார்கள். பட்டணத்தில் அந்தக் கண் கிடையாது. தனியாக வந்த பையனைக் கூட்டாளி என்று சேர்த்துக்கொள்ள முதலில் வருகிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று என்ன நிச்சயம்?

அடுத்து பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். கூச்சம் வேண்டாம். நான்காம் படிவத்தில் என்னென்ன பாடம் உண்டு, இடம் இருக்கிறதா, மாற்றத்துக்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று அலுவலகத்தில் கேளுங்கள். இடம் உண்டு என்று உறுதியான பிறகே வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள். நம்மவர் முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு பள்ளிக்கு அலைகிறார்கள், அது தலைகீழ்.

தமிழ் வகுப்பு உண்டா என்று மறக்காமல் கேளுங்கள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை எஸ்.பி.எம். சோதனையில் தமிழை விட்டுவிடுவது தோட்டத்துச் சொத்தைத் தெருவில் போடுவதற்குச் சமம். வகுப்பு இல்லையென்றால் திரும்பி வந்துவிட வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி போதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. பதினைந்து கையெழுத்து ஒரு கோயில் திருவிழாவில் சேராதா?

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை

தொழிலாளியை மட்டும் நோக்கிப் புத்தி சொல்லிவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நிர்வாகங்கள் பள்ளி நாட்காட்டியையும் எடுத்துப் பார்க்கட்டும். சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கையில் "மாதக் கடைசிக்குள் வெளியேறு" என்று கடிதம் கொடுப்பது மனிதத்தன்மை ஆகாது. பிள்ளை சோதனை எழுதி முடிக்கும் வரையில் வீட்டை விட்டுவைக்கும்படி கேட்பது பிச்சையல்ல, வருடக்கணக்காக உழைத்தவனின் உரிமை என்று நாம் கருதுகிறோம். தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளம், போனஸ் பேசும் மேசையிலேயே இதையும் வைக்க வேண்டும்.

தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை 2025-இல் மக்களவை நிறைவேற்றியது. படிப்பு கட்டாயம் என்றால் அந்தப் படிப்பு நடுவில் அறுந்துபோகாமல் பார்ப்பதும் எல்லாருடைய கடமையாகிறது. பட்டணத்துக் கோயில் நிர்வாகங்களும் பெற்றோர் சங்கங்களும் புதிதாக வந்த குடும்பத்தைத் தேடிப் போய், "பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை விசாரித்தால் எவ்வளவு பெரிய உதவி!

தாய்மார்களே, தந்தையர்களே! இன்று இரவு சாப்பிட்டு முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "நீ என்ன படிக்கப் போறே? எந்த ஊரு உனக்குச் சரிப்படும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்கிறபடியே செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. முடிவு உங்களுடையதுதான். ஆனால் காரணம் தெரிந்து வருகிற பிள்ளை புது ஊரில் காலூன்றும். சாமானோடு சாமானாக லாரியில் ஏற்றப்பட்ட பிள்ளை, ஆறு மாதத்தில் பள்ளிப் பையை மூலையில் போட்டுவிட்டுக் கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போய்விடும். வாடகையைப் பேசுமுன் இந்தப் பேச்சைப் பேசி முடியுங்கள்.