முதலில் ஸ்பீக்கரை மாற்று, அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் கணக்கும் உண்டு. கையில் சாக்பீஸ் இல்லையே தவிர பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு மதியம் நம் குடும்பக் குழுவில் தம்பி மகன் ஒரு படம் போட்டிருந்தான். அவனுடைய சின்ன வால்வு கிட்டார் ஆம்ப்பைக் கழற்றி, உள்ளிருக்கும் தகட்டுப் பெட்டியை வெளியே எடுத்து, சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்திருந்தான். பக்கத்தில் சால்டரிங் அயர்ன். கீழே ஒரு கேள்வி: "எந்தக் கெபாசிட்டரை மாத்தினா சவுண்டு பெருசாகும்?"

கால் மணி நேரத்தில் பதினோரு பதில்கள். அதை மாற்று, இதை வெட்டி விடு, யூடியூபில் ஒருவர் இப்படிச் செய்திருக்கிறார் பார் என்று ஆளுக்கொரு யோசனை. நான் பதில் எழுதவில்லை, நேராகப் போன் போட்டேன்.

"ஏலே, பிளக்கைப் புடுங்கிட்டியா?"

"புடுங்கிட்டேன் அத்தை."

"எப்போ?"

"இப்பதான், ஒரு நிமிஷம் இருக்கும்."

"கைய எடு. மேசைய விட்டு எழுந்திரு. வேற பேச்சு அப்புறம்."

ஏன் இப்படி அதட்டினேன் என்று அவனுக்கு அன்றைக்குப் புரியவில்லை. உங்களில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் சேருவதற்கு முன்பு வரை நான் அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் டார்ச் பிடித்து வளர்ந்தவள். அந்தக் காலத்து ரேடியோ எல்லாம் வால்வு ரேடியோ. ஒரு நாள் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் அப்பா உள்ளே கை வைத்தார். கெபாசிட்டரில் தேங்கி நின்ற மின்சாரம் அவரை முக்காலியோடு பின்னுக்குத் தள்ளியது. முழங்கை சுவரில் மோதி எலும்பு விட்டுவிட்டது. இரண்டு மாதம் கடை பூட்டிக் கிடந்தது. அந்த இரண்டு மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது எனக்குத் தெரியும்.

தம்பி மகனின் அந்தச் சின்னப் பெட்டியில் ஓடுவதும் ஏறக்குறைய அதே மின்சாரம்தான். வால்வுக்கு 300 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்னழுத்தம் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் அதைச் சில நொடிகளோ, பல நிமிடங்களோ, சில பெட்டிகளில் அதற்கும் மேலோ பிடித்து வைத்திருக்கும். விலை மலிவான பெட்டி என்பதால் ஷாக்கும் மலிவாக இருக்காது.

சரி, அவன் ஏன் அதைத் திறந்தான்? ஆலயத்தில் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசிக்கிறான். டிரம்ஸ் ஆரம்பித்தால் தன் கிட்டார் கேட்கவில்லை, கேட்டாலும் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது என்பது அவன் குறை. சர்க்யூட்டை மாற்றிப் பார்ப்பது, முடியாவிட்டால் இதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு 40 வாட் ஆம்ப் வாங்குவது என்று திட்டம். அதற்கான பணம் அவன் அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து கட்டிய சீட்டுப் பணம்.

இந்த இரண்டு வழியுமே தப்பு என்று நினைக்கிறேன். இந்த மாதிரிச் சின்ன வால்வு ஆம்ப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்பீக்கரைத்தான். சர்க்யூட்டுக்கும் வாட்டுக்கும் அப்புறம் வரலாம்.

இந்தச் சின்னப் பெட்டிகளின் அமைப்பு ரொம்ப எளிமை. எபிஃபோன் வால்வ் ஜூனியர் என்று ஒன்று உலகம் முழுக்கப் பிரபலம். அதில் ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு இஎல்84, வால்யூமுக்கு ஒரே ஒரு குமிழ், 8 அங்குல ஸ்பீக்கர், 5 வாட், அவ்வளவுதான். அதற்கெல்லாம் மூத்தது ஃபெண்டர் சாம்ப். அதுவும் 5 வாட் வகையறாதான். 1970இல் வந்த 'லைலா' ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் வாசித்தது அப்படியொரு சின்ன சாம்ப்பில். ஸ்டுடியோவில் அதன் முன்னால் மைக் வைத்தார்கள், அவ்வளவே. ஆக, 5 வாட் என்பது கேவலமான எண் இல்லை.

இப்போது கணக்கு. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். நம் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது வாட் பத்து மடங்காக வேண்டும். 5 வாட்டை விற்றுவிட்டு 50 வாட் வாங்கினால் காதுக்குக் கிடைப்பது இரண்டு மடங்கு சத்தம். 40 வாட்டுக்கு அதுவும் முழுசாக இல்லை.

ஸ்பீக்கருக்கு வருவோம். ஒவ்வொரு நல்ல ஸ்பீக்கருக்கும் அதன் குறிப்புத் தாளில் உணர்திறன் என்று ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்று பொருள். செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கருக்கு அந்த எண் 100. உங்கள் பெட்டியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு 94 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6 டெசிபல். 3 டெசிபலுக்கு இரு மடங்கு என்றால் 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு வாட். சர்க்யூட்டில் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் உங்கள் 5 வாட், பழைய ஸ்பீக்கரில் 20 வாட் கொடுத்ததற்குச் சமமாகிவிட்டது.

பரப்பளவையும் பாருங்கள். 8 அங்குலத்தின் வர்க்கம் 64, 12 அங்குலத்தின் வர்க்கம் 144. காற்றைத் தள்ளும் பரப்பு இரண்டே கால் மடங்கு. அடிநாதம் அங்கேதான் கிடைக்கிறது. சின்ன ஸ்பீக்கர், சின்னப் பெட்டி என்றால் அந்த டப்பா சத்தம் வரத்தான் செய்யும். கெபாசிட்டர் பாவம், அது என்ன செய்யும்?

வாயால் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். எனவே மைக் செட் வாடகைக்கு விடும் என் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். (பதிவைப் படிக்கிறாய் அல்லவா, நன்றி ராசா.) அவனிடம் கிட்டாருக்கென்றே செய்த 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடந்தது, 8 ஓம். அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். தம்பி மகனின் ஆம்ப்பைப் பழையபடி மூடி, பின்னால் 8 ஓம் என்று போட்ட ஜாக்கில் இருந்து உள் ஸ்பீக்கரைப் பிடுங்கி, இதைச் செருகினோம்.

முதல் கார்டு வாசித்ததும் அவன் வால்யூம் குமிழைப் பார்த்தான். நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. அடுக்களையிலிருந்து அவன் அம்மா வந்து "புதுசு வாங்கிட்டு வந்துட்டியளா?" என்று கேட்டாள். இல்லை, அதே பெட்டிதான் என்றேன். அவள் சீட்டுப் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஸ்பீக்கரை மாற்ற நினைப்பவர்கள் சில விஷயங்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஓம் பொருந்த வேண்டும். இஎல்84 வால்வு தன் முன்னால் சுமார் 5,000 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் இரண்டையும் சேர்த்து வைக்கிறது. அதன் சுற்று விகிதம் 25க்கு 1 என்றால், 25 பெருக்கல் 25, 625. அதை எட்டால் பெருக்கினால் 5,000. கணக்குச் சரி. அதே இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கரைச் செருகினால் வால்வுக்குத் தெரிவது 2,500தான். எனவே ஜாக்கில் போட்டிருக்கும் எண்ணுக்கு ஸ்பீக்கரின் எண் பொருந்த வேண்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் போட்டால் 4, தொடர் இணைப்பில் போட்டால் 16. பள்ளிக்கூடத்தில் படித்தது எதற்கும் உதவவில்லை என்று சொன்னவர்கள் இங்கே கை தூக்கவும்.

இரண்டாவது, ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை இயக்கி வாசிக்கவே கூடாது. சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் காப்பையே ஓட்டை போட்டுவிடும். முதலில் ஸ்பீக்கர், பிறகு சுவிட்ச். இந்த வரிசை மாறக்கூடாது.

மூன்றாவது, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் தடிமனான இரட்டை ஒயராக இருக்க வேண்டும். கிட்டாரையும் ஆம்ப்பையும் இணைக்கும் கேபிள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே மெல்லிசு. அதை இங்கே போடாதீர்கள்.

நான்காவது, வீட்டில் கிடக்கும் கார் ஸ்பீக்கரையோ ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரையோ மாட்டாதீர்கள். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். தவிர, கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைத் தானே குறைத்துவிடும். அதனால்தான் வால்வின் உறுமல் காதுக்கு இதமாக இருக்கிறது. ட்வீட்டர் வைத்த ஸ்பீக்கரில் அதே உறுமல் தகரத்தை ஆணியால் கீறியது போலக் கேட்கும்.

ஐந்தாவது, எப்போதும் எண் அதிகமான ஸ்பீக்கரே நல்லது என்றும் இல்லை. வால்வு ஆம்ப்பின் ருசி வால்யூமைக் கூட்டும்போதுதான் வரும். இரவில் வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு 100 டெசிபல் ஸ்பீக்கர் பக்கத்து வீட்டுச் சண்டையைத்தான் கொண்டுவரும். அவர் உணர்திறன் குறைந்ததாகவே தேடலாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எந்த ஸ்பீக்கரைப் போட்டாலும் 5 வாட், முழு டிரம்ஸோடு பெரிய ஆலயத்தில் தனியாக மல்லுக்கட்டாது. அதற்கு வழி 'லைலா'வில் செய்ததுதான். ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக். ஆலயத்தில் மைக்கும் இருக்கிறது, பெரிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. நல்ல ஒலியைப் பிறக்க வைப்பது சின்னப் பெட்டியின் வேலை. அதை ஊர் முழுக்கக் கொண்டுபோவது மைக் செட்டின் வேலை.

இதைக் கேட்டு, பொறியாளராக இருக்கும் என் மாணவன் ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். "டீச்சர், திறந்து பார்த்துத்தானே கற்றுக்கொள்ள முடியும்? நீங்களே தடுக்கலாமா?" என்றான். நியாயமான கேள்வி. நான் தடுக்கவில்லை, வரிசையைத்தான் சொல்கிறேன். ஸ்பீக்கரை மாற்றிய பிறகும் உறுமல் அதிகம் என்று தோன்றினால், அடுத்த படியாக முன் வால்வை மாற்றிப் பார்க்கலாம். 12ஏஎக்ஸ்7இன் பெருக்கக் காரணி 100. அதே சாக்கெட்டில் பொருந்தும் 5751க்குச் சுமார் 70. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறிய பின் கழற்றி மாட்ட வேண்டியதுதான், சால்டரிங் தேவையில்லை. அதுவும் போதவில்லை என்றால்தான் சர்க்யூட். அப்போதும் கெபாசிட்டரைப் பாதுகாப்பாக வடித்து, மல்டிமீட்டரில் சுழியத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்துக் கை வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அது நேரில் காட்டிக் கற்றுத்தர வேண்டிய வேலை. அதனால்தான் அதன் செய்முறையை இங்கே எழுதவில்லை.

அப்பா கை குணமான பிறகு, ரேடியோவுக்குள் வலது கையை விடும்போதெல்லாம் இடது கையை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும் என்பார். தம்பி மகனுக்கு அதைச் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தாத்தாவுக்கு எந்தக் கை அத்தை?" என்று கேட்டான். வலது கை என்றேன்.

இப்போதைய நிலவரம்: 40 வாட் திட்டம் கைவிடப்பட்டது. சீட்டுப் பணம் அவன் அம்மாவிடமே இருக்கிறது. என் மாணவன் அந்த 12 அங்குலப் பெட்டியை 4,500 ரூபாய்க்கு, மூன்று தவணையில் தரச் சம்மதித்திருக்கிறான். பெட்டிக்குப் பின்பலகை வைத்து மூடலாமா, திறந்தே விடலாமா என்று இப்போது மாமன் மச்சான்களுக்குள் விவாதம். மூடினால் அடிநாதம் இறுக்கமாக இருக்கும், திறந்தால் ஒலி அறை முழுக்கப் பரவும். இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். பலகைதானே, ஷாக் அடிக்காது.

உங்கள் பிள்ளைகள் யாராவது இந்த மாதிரி ஆம்ப்பைக் கவிழ்த்து வைத்திருந்தால், இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். படித்து முடிப்பதற்குள் கெபாசிட்டர் கொஞ்சமாவது வடிந்திருக்கும். அதை நம்பிக் கையை மட்டும் வைக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்