‘காலால் சூம் பண்ணு’ என்பவர்களுக்கு

“சூம் லென்ஸைக் கழற்றி வையுங்கோ தம்பியவை. சூம் பண்ண உங்களுக்குக் கால் இருக்கு.”

இந்த வசனத்தைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். படம் பிடிக்கக் கற்றுத்தரும் பட்டறைகளில் சொல்கிறார்கள். யூடியூப் காணொளிகளில் சொல்கிறார்கள். கலியாணவீட்டுக்குத் தோளில் இரண்டு கமராவோடு வரும் அண்ணைமாரும் சொல்கிறார்கள். கடைசியாக யாழ்ப்பாண நகரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். பாவித்த கமரா ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்த உரும்பிராய்ப் பொடியன் ஒருவன் எழும்பி, “சேர், 18-135 ஒண்டு வாங்கலாமோ?” என்று கேட்டான். பேச்சாளர் பதிலாகக் கொடுத்தது இந்த வசனத்தைத்தான். மண்டபம் கைதட்டியது. பொடியன் கூச்சத்தோடு இருந்துவிட்டான். பிறகு அவர் சொன்னபடியே 50 மில்லிமீற்றர் பிரைம், அதாவது சூம் பண்ண முடியாத ஒற்றைக் குவியத்தூர லென்ஸ், ஒன்றை வாங்கினான். இப்போது அவனுடைய கமரா அலுமாரிக்குள் கிடக்கிறது; படம் பிடிப்பது முழுக்கக் கைபேசியில்.

நல்ல கேள்வி கேட்ட ஒரு பிள்ளையை ஒற்றை வசனத்தால் வாயடைக்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆகவே அந்த வசனத்தையும், அதற்கு முட்டுக்கொடுக்க வழக்கமாகச் சொல்லப்படும் நியாயங்களையும் ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

பிரைம் மலிவு என்கிறார்கள். ஒன்று மலிவு. ஆனால் அந்த ஒன்றோடு கதை முடிவதில்லையே. 50 வாங்கியவனுக்குக் கோவில் மண்டபத்தில் அகலம் போதாது; அதற்கு இன்னொன்று. குளக்கரைக் கொக்குக்கு நீளம் போதாது, அதற்கும் இன்னொன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போன நாடு இது. இறக்குமதிச் சாமானின் விலை அதோடு எங்கே போனது என்பதை இங்கே கடைக்குப் போன எல்லாரும் அறிவோம். வெளிநாட்டில் மாமா இருக்கிற பிள்ளைக்கு மூன்று லென்ஸ் பார்சலில் வரலாம். கடையில் வேலை பார்த்துச் சீட்டுக் கட்டி லென்ஸ் வாங்குகிறவனுக்கு ஒன்றுதான் வரும். அந்த ஒன்று எல்லாவற்றுக்கும் கை கொடுக்க வேண்டும். மலிவு என்ற பேச்சில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நிகோன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலுக்குள் குவியச் செய்யும் மோட்டார் கிடையாது. 50 மில்லிமீற்றரின் பழைய ‘டி’ வகையை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பூட்டினால் அது தானாகக் குவியாது. இதை எந்தப் பட்டறையிலும் சொல்லக் கேட்டதில்லை.

அடுத்தது, புகழ்பெற்ற பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன். அவர் பெரும்பாலும் 50 மில்லிமீற்றரில்தான் படம் பிடித்தாராம், ஆகவே நீயும் பிடி. அவருடைய லைக்காவில் பிலிம் சட்டம் 24க்கு 36 மில்லிமீற்றர். அதில் 50 மில்லிமீற்றர் லென்ஸ் மூலைக்கு மூலை 47 பாகை அளவு பார்க்கும். இங்கே பொடியளின் கையில் இருக்கும் கெனன் கமராவின் உணரி அதைவிடச் சிறியது, ஏபிஎஸ்-சி அளவு. அதே லென்ஸ் அதில் 30 பாகைதான் பார்க்கும். பழைய கணக்கில் சொன்னால் அது 80 மில்லிமீற்றர் லென்ஸ். கார்த்தியே-பிரெசோன் பார்த்த அகலம் வேண்டுமென்றால் இந்தக் கமராவில் 31 மில்லிமீற்றர் அளவில் நிற்க வேண்டும். அந்த 31 எந்த 50 மில்லிமீற்றர் பிரைமிலும் இல்லை. 18-55 இலும் 18-135 இலும் இருக்கிறது. அவருடைய பெயரைச் சொல்லி அவர் பாவிக்காத கோணத்தை விற்கிறார்கள்.

பிரைம் கூர்மையானது. சரி. ஏ4 தாளில் தரமாக அச்சிட 9 மெகாபிக்சலுக்குள்தான் தேவை. 24 மெகாபிக்சல் கமராவில் சூமை எஃப் 8 இல் வைத்துப் பிடித்தால் அதற்குமேல் மிஞ்சும்.

இரவுத் திருவிழாவுக்கு பிரைம் வேண்டும். அது உண்மை, எஃப் 1.8 க்கும் 5.6 க்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழப் பத்து மடங்கு வித்தியாசம்.

பின்னணி மங்கல் பற்றிய பேச்சுக்கு மட்டும் கொஞ்சம் கணக்குத் தேவை. “சூமில பொக்கே வராது” என்று உறுதியாகச் சொல்கிறார்கள். ஒரு முகத்தை ஒரே அளவில் சட்டத்துக்குள் வைக்கிறோம்; பின்னணி வெகு தூரத்தில் இருக்கிறது. அப்போது மங்கலின் அளவைத் தீர்மானிப்பது லென்ஸ் துவாரத்தின் விட்டம். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது வந்துவிடும். 50ஐ 1.8 ஆல் வகுத்தால் 28 மில்லிமீற்றர். 135ஐ 5.6 ஆல் வகுத்தால் 24. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். மலிவான 55-250 சூமை 250 இல் வைத்து 5.6 ஆல் வகுத்தால் 45 வரும். அது 50 மில்லிமீற்றர் பிரைமைத் தாண்டிவிடுகிறது. ஓ.எல். பரீட்சை எழுதிய பிள்ளை போடக்கூடிய வகுத்தல் கணக்கு இது.

“புரொபெஷனல் ஆட்கள் சூம் பாவிப்பதில்லை” என்ற பேச்சுக்கு விடை சொல்பவரின் தோளிலேயே தொங்குகிறது. கலியாணவீட்டுக்கு வரும் அந்த இரண்டு கமராக்களில் பூட்டியிருப்பது அநேகமாக 24-70 உம் 70-200 உம். இரண்டும் சூம். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் உலகம் முழுக்க அந்தச் சோடியோடுதான் அலைகிறார்கள். தான் சூமில் உழைத்துக்கொண்டு, தொடக்கக்காரனுக்கு மட்டும் சூமைத் தடுப்பது என்ன நியாயம்?

இனிக் கால்.

சூம் வளையத்தைத் திருப்புவதும் நடந்து கிட்டப் போவதும் ஒன்று என்ற எண்ணத்தில்தான் அந்த வசனமே நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நல்லூர்த் தேர்த் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து நாள் உற்சவத்தில் இருபத்துநாலாம் நாள். தேர் வீதியில் உங்களிடமிருந்து 20 மீற்றரில் வருகிறது. அதற்குப் பின்னால், உங்களிடமிருந்து 80 மீற்றரில் கோபுரம். காலால் சூம் பண்ணுகிறேன் என்று 10 மீற்றர் முன்னுக்கு நடக்கிறீர்கள். தேர் இப்போது 10 மீற்றரில்; படத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. கோபுரம் 70 மீற்றரில். அது ஏழில் ஒரு பங்குதான் வளர்ந்திருக்கும். தேர் கோபுரத்தை மறைக்கத் தொடங்கிவிட்டது. நின்ற இடத்தில் நின்றபடி வளையத்தைத் திருப்பியிருந்தால் இரண்டும் ஒன்றாக இரண்டு மடங்காகியிருக்கும். கோபுரம் தேருக்குப் பின்னால் அதே கம்பீரத்தோடு நின்றிருக்கும். ஆக, எங்கே நிற்பது என்பது ஒரு முடிவு. எவ்வளவை வெட்டி எடுப்பது என்பது இன்னொரு முடிவு. பிரைம் பூட்டியவனுக்கு முதல் முடிவை எடுத்ததும் இரண்டாவது தானாக முடிந்துவிடுகிறது. சூம் வைத்திருப்பவன் இரண்டையும் தனித்தனியே தீர்மானிக்கலாம். காலையும் பாவிக்கலாம், வளையத்தையும் பாவிக்கலாம். அவனைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

இதெல்லாம் நடக்க இடம் இருந்தால். அன்று நல்லூர் வீதியில் பத்து மீற்றர் நடந்து பாருங்கள். வடம் பிடிப்பவர்கள், அங்கப்பிரதட்சணம் செய்பவர்கள், கற்பூரச்சட்டி ஏந்தி வரும் அம்மாக்கள், தூக்குக் காவடிகள். அவர்களுக்குள் கமராவைத் தூக்கிக்கொண்டு இடித்துப் போகிறவன் படப்பிடிப்பாளன் இல்லை, தொல்லை.

எங்கள் ஊரில் கால் போகாத, போகக் கூடாத இடங்கள்தான் அதிகம். உரும்பிராய்ச் செம்மண்ணில் விடியப்புறம் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகிறவரைப் படம் பிடிக்க வேண்டும். அவர் தோட்டத்தின் நடுவில் நிற்கிறார். நீங்கள் வரம்பில் நிற்கிறீர்கள். ஈரப் பாத்திக்குள் கால் வைத்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பை மிதிக்கிறீர்கள். மாட்டுவண்டிச் சவாரியில் ஓடுபாதைக்குள் இறங்க ஏலாது. இறங்கினால் மாடு சொல்லும் பதில். பனையின் வட்டுக்குள் இருந்து சீவுகிறவரிடம் நடந்து போக முடியாது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பல பேர் சேர்ந்து கயிறு பிடித்து ஒரு பெரிய பட்டத்தை எழுப்புவார்கள். எழுப்பும்போது அந்தக் கூட்டம் முழுவதையும் சட்டத்துக்குள் கொண்டுவர 18 வேண்டும். கொஞ்ச நேரத்தில் பட்டம் வானத்தில். அப்போது 135 வேண்டும். 50 ஓடு போனவன் இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் நிற்கிறவர்களின் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவான்.

பின்னுக்குப் போவதும் அப்படித்தான். நாலு மீற்றர் அகலத்துக்கு வரிசையாக நிற்கும் ஒரு குடும்பத்தை ஏபிஎஸ்-சி கமராவில் 50 மில்லிமீற்றரால் பிடிக்க 9 மீற்றர் பின்னுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டு விறாந்தையில் 9 மீற்றர் ஏது? 18 இல் மூன்றேகால் மீற்றர் போதும். சாமத்தியவீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் “அக்கா, கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ, வரிசையில ரெண்டு பேர் வருகினமில்லை” என்று கெஞ்ச வேண்டியிராது.

எல்லாவற்றுக்கும் மேலாக மரியாதை என்று ஒன்று இருக்கிறது. கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ என்று கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் செத்தவீட்டில் அழுகிறவரின் முகத்துக்கு ஒரு முழத்தில் கமராவை நீட்டுவதைப் பார்க்கிறேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டமாகத் தொடங்கி இன்றுவரை வீதியில் இருக்கும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைச் சூழ்ந்து நின்று அப்படித்தான் படம் பிடிக்கிறார்கள். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி இருக்கும் ஒரு தாயிடமிருந்து ஆறு ஏழு மீற்றர் தள்ளி நின்று, 100 இலோ 135 இலோ ஒன்றிரண்டு படம் பிடித்துவிட்டு விலகலாம். படம் நன்றாக வரும். அந்தத் தாய்க்கும் அவருடைய துக்கத்தோடு இருக்க இடம் கிடைக்கும். கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போர் பழக்கிவிட்ட தலைமுறை இன்னும் எங்களோடு வாழ்கிறது. அவர்களைப் படம் பிடிக்க வேண்டுமானால் முதலில் பேச வேண்டும், பிறகு தள்ளி நிற்க வேண்டும். இந்த ஊரில் காலால் சூம் பண்ணச் சொல்லிக் கொடுப்பவர்கள் இதையும் யோசித்துத்தான் சொல்கிறார்களா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

பிரைம் கண்ணைப் பழக்கும் என்பது மிச்சமிருக்கும் ஒரு நியாயம். சூம் வளையத்தை 35 இல் வைத்து ஒட்டுநாடா சுற்றி ஒரு நாள் முழுக்கப் படம் பிடித்தால் அதே பழக்கம் வரும், செலவில்லாமல்.

பிரைம்காரர்கள் பேசவே பேசாத ஒரு விஷயம் எங்கள் மண். பங்குனி, சித்திரையில் வலிகாமத்து ஒழுங்கையில் ஒரு லாண்ட்மாஸ்டர் போனால் செம்புழுதி எழும்பி நெடுநேரம் அடங்காது. அதற்கு நடுவில் ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுகிறவனின் உணரியில் அந்தப் புழுதிதான் போய் இருக்கும். பிறகு எடுக்கும் எல்லா வானத்திலும் கறுப்புப் புள்ளி. கழற்றாத லென்ஸுக்கு அந்தப் பயம் குறைவு.

ஆகவே என்ன வாங்குவது? கெனன் வைத்திருப்பவர்களுக்கு 2012 இல் வந்த 18-135 எஸ்.டி.எம்.; 480 கிராம், கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் உண்டு. நிகோன் வைத்திருப்பவர்களுக்கு 2013 இல் வந்த 18-140 வி.ஆர்., அதுவும் கிடைக்காவிட்டால் அதற்கு முந்திய 18-105. கமராவோடு வந்த 18-55 நடுக்கம் தாங்கும் வகையென்றால் அதை விற்க வேண்டாம். கெனன் என்றால் பக்கத்தில் ஒரு 55-250 சேர்த்தாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். டாம்ரோன் 18-400 வேண்டாம். 710 கிராம் எடையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நிற்க முடியாது.

புதிது வாங்கக் காசு இல்லையென்றால் பாவித்ததை வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. வாங்குமுன் வளையத்தை இரண்டு முனைக்கும் திருப்பிப் பாருங்கள். எங்காவது இறுகினால் விட்டுவிடுங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழாய் தானாக வழுக்கி இறங்குகிறதா பாருங்கள். ஒரு பக்கத்தால் டோர்ச் அடித்து மற்றப் பக்கத்தால் உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல வெள்ளை இழை தெரிந்தால் அது பங்கஸ். எங்கள் மாரிக்காலத்து ஈரத்தில் அது வேகமாகப் பரவும். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அந்த லென்ஸை வாங்காதீர்கள்.